நடிகர் சொன்னார், நான் பாலை நிறுத்தினேன்

திங்கட்கிழமை காலை எனக்கு ஒரே ஒரு வேலை. பால் ஊற்றும் ராஜம்மாவிடம், நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. அதில் வீடே போகும் என்று யார் கண்டது?

காரணம் ஒரு நடிகர். பெயர் வேண்டாம். ரசிகர்கள் வீடு தேடி வருவார்கள். அவருக்கு என் வயதுதான். படத்தில் இன்னும் பஸ்ஸுக்கு முன்னால் ஓடுகிறார். நான் பஸ்ஸில் ஏறவே கண்டக்டர் கை கொடுக்க வேண்டும்.

கோயமுத்தூரிலிருக்கும் மகன் அவருடைய வீடியோவைப் போனில் அனுப்பியிருந்தான். வெள்ளைச் சட்டை. பின்னால் நீச்சல் குளம். ஒரு கையில் பாதி பட்டர் ஃப்ரூட், மறு கையில் ஸ்பூன்.

"மாட்டுப் பால் கன்னுக்குட்டிக்கு. நீங்க கன்னுக்குட்டியா?" என்று கேட்டார்.

இல்லை. ஒப்புக்கொண்டேன்.

"செடி கொடுக்கறதை மட்டும் சாப்பிடுங்க. உங்க மண்ணுல விளையறதைச் சாப்பிடுங்க" என்றார். நல்ல பேச்சு. அடுத்த மூச்சிலேயே பாதாம் பால், ஓட்ஸ் பால் என்றார். சென்னையில் எந்தத் தெருவில் பாதாம் விளைகிறது என்று சொல்லவில்லை.

"தினமும் காய்கறி சாப்பிடப் பழகுங்க" என்றார். மலை மேல் கேத்தியில் குடியிருப்பவனிடம்! இங்கே ஜன்னலைத் திறந்தால் முட்டைக்கோஸ், கதவைத் திறந்தால் கேரட். அவர் ஸ்பூனால் சுரண்டி, கண்ணை மூடிச் சாப்பிட்ட பட்டர் ஃப்ரூட், எங்கள் கூரைத் தகரத்தின் மேல் தொம் தொம்மென்று விழுகிறது. காட்டுப் பன்றி வந்து தின்றுவிட்டுப் போகிறது. அதுவும் அவ்வளவு ரசித்துத் தின்று நான் பார்த்ததில்லை.

"காலையில எழுந்ததும் ஐஸ் போட்ட கீரை ஜூஸ்" என்றார். இங்கே குழாயைத் திறந்தாலே ஐஸ்தான். அவரைத் தை மாதம் ஒரு காலை என் வாசலில் நிறுத்தி, கையில் அந்த ஜூஸைக் கொடுத்துப் பார்க்க ஆசை.

மொத்தத்தில் என் தீர்ப்பு: ஆளுக்கு வேலை இல்லை.

வீடியோவை மூடப் போனேன். அப்போது பார்த்து அந்த மனிதர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை ஊன்றாமல், பூ மாதிரி எழுந்தார். "எல்லாம் செடி உணவு" என்றார்.

நானும் தரையில் உட்கார்ந்தேன்.

எழவில்லை.

என் மனைவி சரசு அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏனுங்க, கீழ என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. தூக்கு."

தூக்கினாள். அன்றே முடிவெடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் பால், தயிர், மோர், நெய் எதுவும் கிடையாது.

"உங்க இஷ்டமுங்க. எனக்கு மட்டும் சாயங்காலம் ஒரு டம்ளர் காப்பிக்கு..."

"ஒரே ஊடு. ஒரே சட்டம்."

சரசு அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவன் நினைக்கக் கூடாத நினைப்பு அது.

சரி, ராஜம்மா. பக்கத்திலேயே மாடு வைத்திருக்கிறாள். மழையோ பனியோ, காலையும் மாலையும் பால் போசியோடு வந்து நிற்பாள். அந்தத் திங்கட்கிழமை காலையும் வந்தாள்.

"நாளையிலருந்து பால் வேண்டாம்."

போசி பாதியில் நின்றது. "ஏனுங்க சார், ஊருக்குப் போறீங்களா?"

"இல்ல."

"எத்தன நாளைக்குங்க?"

"இனிமேலே வேண்டாம்."

"உடம்புக்கு ஏதாவதுங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன். வேண்டாம்னா வேண்டாம்."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? கட்டபெட்டுப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் ஆயுசெல்லாம் வேலை பார்த்தவன் நான். மேனேஜர் சொன்னதையே கேட்காதவன் என்று பெயர். அந்தப் பெயர்தான் ரிட்டையர் ஆகும்போது எனக்கு மிஞ்சியது. நடிகர் சொன்னார், அதனால் நிறுத்தினேன் என்று ராஜம்மாவிடம் சொன்னால் மாடு கூடச் சிரிக்கும்.

ராஜம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எங்கிருந்தாலும் நல்லா இருங்க சார்."

என் கொலஸ்ட்ராலை வாழ்த்துகிறாள் என்று நினைத்தேன். "இருப்பேன், இருப்பேன்" என்றேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு எனக்கு உறைத்திருக்க வேண்டும். இங்கே யாரும் சும்மா பாலை நிறுத்துவதில்லை. ரிட்டையர் ஆவார்கள். குளிரோடு மல்லுக்கட்டிப் பார்ப்பார்கள். முட்டி போகும். மகன் வண்டி எடுத்துக்கொண்டு வருவான். மலையை விட்டு ஒரேயடியாகக் கீழே இறங்குகிறவர்கள்தான் முதலில் பாலை நிறுத்துவார்கள். பிறகு பேப்பர். பிறகு கேஸ். சாமான்களை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நானே எத்தனை பேரை அப்படி வழியனுப்பியிருக்கிறேன்!

எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. நான் ஓட்ஸ் பால் வாங்கப் போய்விட்டேன்.

"சீசன்லதானுங்க வெப்போம் சார்" என்றார் கடைக்காரர். "டூரிஸ்ட் போனா அதுவும் போயிருமுங்க. வேர்க்கடலை வேணுமுங்களா?"

வாங்கினேன். ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். வெள்ளையாக வந்தது. அசல் பால் மாதிரியே! நடிகரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று கூடத் தோன்றியது. டஸ்ட் டீயைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதில் ஊற்றினேன்.

திரிந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர். மேலே கட்டி கட்டியாக என்னவோ மிதந்தது.

சரசு எட்டிப் பார்த்தாள். "தாளிக்கலீங்களா?"

"இது சட்னி இல்ல. டீ."

"ஓ."

குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், வேறு வழியில்லை. அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். நேராகப் போய் ரோஜாச் செடிக்கு ஊற்றினாள். "செடி குடுத்தது செடிக்கே போகட்டுமுங்க" என்றாள்.

அடுத்து, தயிர். செடிப் பால் எதையும் ராத்திரி மேடை மேல் வைத்தால் காலையில் தயிராகிவிடும் என்று நடிகர் சொல்லியிருந்தார். சென்னையில் செங்கல்லை வைத்தாலும் காலையில் புளித்துவிடும். இங்கே மாட்டுப் பாலே உறையாது. பாத்திரத்துக்கு ஸ்வெட்டர் போட்டு, அரிசி டிரம்முக்குள் படுக்க வைக்க வேண்டும். நான் என் மங்கி குல்லாவையே அதற்குப் போட்டு வைத்தேன்.

காலையில் பார்த்தால் கடலைத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. குல்லாதான் புளித்துப்போயிருந்தது.

இரண்டு மூன்று நாளில் நான் வற்றிப்போனேன். சரசு மட்டும் தெளிவாக இருந்தாள். சாயங்காலமானால் துணி எடுக்க என்று பின்பக்கம் போவாள். கொட்டுகிற மழையிலும் போனாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு திருப்தி. செடி உணவு அவளுக்கு மட்டும் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பழனி வந்தான். தலையைச் சொறிந்தான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த ரூம் ஹீட்டரு... இனிமே உங்களுக்குத் தேவைப்படாதுங்களே?"

'செடி உணவு உடம்புக்குள்ளே இயற்கையான சூட்டை உண்டாக்கும்' என்பது நடிகரின் இன்னொரு வாக்கு. என் விரதம் ஊருக்குத் தெரிந்துவிட்டது, பழனி என்னைச் சோதிக்கிறான் என்று நினைத்தேன். விடுவேனா?

"தேவையே இல்ல. எடுத்துட்டுப் போ."

"இந்த மனசு யாருக்குங்க சார் வரும்!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போனான். அன்று இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு இயற்கையான சூட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஓனர் வந்தார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயமுத்தூரில் இருக்கிறார். இந்த வீட்டை ஹோம்ஸ்டே ஆக்க வேண்டுமென்று அவருக்கு நெடுநாள் ஏக்கம். ஆனால், 'நீங்களாகக் காலி பண்ணுகிறவரை கேட்க மாட்டோம்' என்று அவருடைய அப்பா எங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். மகனும் அதை மீறவில்லை. காத்திருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் வந்து, "முட்டி எப்பிடி இருக்குதுங்க சார்?" என்று ஆசையோடு கேட்பார்.

எனக்கோ வேறு போக்கிடம் இல்லை. மகன் வீடு மூன்றாவது மாடி. கொசு. ஃபேன் சத்தம். மருமகள் போடும் யோகா சிடி.

ஓனர் கையில் சால்வையோடு வந்தார். கூடவே ஒரு ஆசாரி, அளக்கும் டேப்போடு.

நான் வாயைத் திறப்பதற்குள் சால்வை என் தோளில் விழுந்தது. "சொல்லாமப் போறீங்களேன்னு எனக்கு வருத்தந்தானுங்க சார். ஆனாலும் பெரிய மனசு!"

ஆசாரி நேராக என் படுக்கையறைக்குப் போய்ச் சுவரைத் தட்டினார். "இத எடுத்துறலாமுங்க. கண்ணாடி வெச்சா பள்ளத்தாக்கு பூராத் தெரியும்."

"ஹனிமூன் ரூமுங்க" என்றார் ஓனர், என்னிடம் ரகசியமாக.

"யாருக்கு?"

"வர்றவங்களுக்குங்க. நீங்கதான் காலி பண்றீங்களே."

"யார் சொன்னது?"

"பால நிறுத்தியாச்சு. ஹீட்டரக் குடுத்தாச்சு. இன்னும் என்னங்க சார் சொல்லணும்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மானமா, வீடா? வீடு.

"நான் எங்கயும் போகல. ஒரு நடிகர் பால் குடிக்க வேண்டாம்னு சொன்னார். அதான் நிறுத்தினேன்."

ஓனர் சிரித்தார். ஆசாரியும் சிரித்தார். "சார், நீங்களா? கூரை ஒழுகுதுன்னு நான் சொன்னா, 'இல்ல, மழை பெய்யுது'ன்னு சொன்னவருங்க நீங்க. நடிகர் சொல்லிக் கேட்டீங்களாக்கும்!"

ஆயுசெல்லாம் பாடுபட்டுச் சேர்த்த பெயர். சமயம் பார்த்துக் கழுத்தைப் பிடித்தது.

சாட்சி வேண்டுமே! கடலைப் பால் டீ போட்டு ஓனர் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இந்த டீயக் குடிச்சுட்டு ஒருத்தரு இந்த ஊட்டுலயே இருக்கப் போறாருன்னா, யாருங்க சார் நம்புவாங்க?"

"சரசு! நீ சொல்லு. நாம போறமா?"

சரசு நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னைக் கேட்டா எனக்கு என்னங்க தெரியும்? ஒரே ஊடு, ஒரே சட்டம். சட்டம் போடறவரு நீங்க."

ஓனர் ஆசாரிக்குக் கண்ணைக் காட்டினார். டேப் சர்ரென்று நீண்டது. என் கட்டிலின் நீளத்தை அளந்தது.

அந்த நேரம் பின்வாசலில் ஒரு குரல். "அம்மா, பாலுங்க!"

எல்லோரும் திரும்பினோம். ராஜம்மா போசியோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் போசியை முந்தானைக்குள் மறைத்தாள். மறையவில்லை.

ஓனர் முகம் மாறியது. "பால நிறுத்திட்டாங்கன்னு ஊரே சொல்லுதே?"

"சாருக்குத்தானுங்க நிறுத்துனேன்" என்றாள் ராஜம்மா. "அம்மாவுக்கு ஒரு நாளும் நிறுத்தலீங்களே."

"எனக்கு மட்டும் நிறுத்தினேன்னா?" என்றேன். "என்ன அர்த்தம்?"

ராஜம்மா சரசுவைப் பார்த்தாள். சரசு கொடியில் இல்லாத துணியைப் பார்த்தாள்.

"நீங்க மட்டும் தனியா மகனூட்டுக்குப் போறீங்கன்னு நெனச்சேனுங்க சார். அம்மா அன்னைக்கே பின்னால வந்து, எனக்கு மட்டும் ஊத்து, அவருக்குத் தெரிய வேண்டாம்னாங்க. புருசன் பொஞ்சாதிக்குள்ள என்னவோன்னு நானும் கேக்கலீங்க. சாரு நிறுத்துனத மட்டுந்தான் வெளிய சொன்னேனுங்க, அம்மா வாங்கறதச் சொல்லலீங்க."

"சண்டைன்னா இவ அழுதிருக்க மாட்டாளா?"

"அதானுங்க எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. அம்மா நல்லா சந்தோசமாத்தான் இருந்தாங்க."

ஓனர் பெருமூச்சு விட்டார். "அம்மா இருக்கறவரைக்கும் ஊடு காலி இல்லீங்களே. அப்பா வாக்குங்க." ஆசாரியின் டேப் சுருண்டு உள்ளே போனது. ஒரு டம்ளர் பால் வீட்டைக் காப்பாற்றிவிட்டது. அதுவும் கன்னுக்குட்டிக்கு உரிய பால்.

ராஜம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அதை என்னிடம் கேட்கவில்லை. சரசுவிடம் கேட்டாள்.

"அப்ப நாளையிலருந்து சாருக்கும் சேர்த்தே ஊத்தட்டுங்களாம்மா? சாரு இங்கயேதான் இருக்கப் போறாருங்களா?"

சரசு யோசித்தாள். ஓனர், ஆசாரி, ராஜம்மா, சால்வையோடு நான், எல்லோரும் காத்திருந்தோம்.

கடைசியில் "சரி, ஊத்து" என்றாள். ஆனால் அதற்கு அவ்வளவு நேரம் யோசிக்க என்ன இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.