உறைமோர் அண்ணன் கொடுத்த நீலம்

நீலகிரி மாவட்டத்திலேயே 'இல்லை' என்ற சொல்லை உச்சரிக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் உறைமோர் அண்ணன்தான். பந்தலூர்க்காரர். ஊட்டியில் எங்கள் கல்லூரியின் செயற்கை உயிரியல் மாணவர் அணியில் எல்லோருக்கும் மூத்தவர். நாங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் கிருமியைக் கேட்டு வந்த எந்தக் கல்லூரிக்கும், பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பதுபோல ஒரு சோதனைக் குழாயில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். பெயர் அப்படி வந்தது.

எங்கள் கிருமி தீங்கில்லாதது. தேயிலைக்கு அடிக்கும் செம்பு மருந்து ஓடைத் தண்ணீரில் கலந்திருந்தால் நீலமாக மாறும்படி அதன் மரபணுவைத் திருத்தியிருந்தோம். அக்டோபரில் கல்லூரி அணிகளுக்குள் நடக்கும் போட்டிக்கு எங்களிடம் இருந்த ஒரே சொத்து அது.

செய்முறை எழுதுவதிலும் அண்ணன் தனி ரகம். வெளியிலிருந்து வந்த செய்முறையில் 'அறை வெப்பத்தில் வைக்கவும்' என்றிருந்தது. அதை நம்பி ஜனவரியில் வைத்தோம். கிருமிகள் எங்களைப் போலவே சுருண்டு படுத்துக்கொண்டன. அண்ணன் அந்த வரியை அடித்துவிட்டு, 'ஊட்டியில் அறையை நம்பாதீர்கள், பல்பு எரியும் பெட்டியில் வையுங்கள்' என்று எழுதினார். அதோடு நின்றாரா? 'மூன்றாம் படியில் ஸ்டெல்லா உப்பை இரண்டு தடவை போட்டார். நீங்கள் போடாதீர்கள்' என்றும் சேர்த்து, கேட்ட அணிகளுக்கெல்லாம் அனுப்பினார். ஸ்டெல்லா எங்கள் அணித் தலைவி.

மார்ச்சில் கோயமுத்தூர் அணி ஒன்று கிருமி கேட்டது. குளிரில் அதற்குச் சளி பிடிக்குமென்று குழாயை ஸ்வெட்டருக்குள் சொருகிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன்.

"ஏனுங்க, உள்ள என்ன கோழிக்குஞ்சா?" என்றார் கண்டக்டர்.

"கிருமிங்க. சாதுவானது."

மேட்டுப்பாளையம் வரை மூன்று பேர் சீட்டில் நாங்கள் இருவர் மட்டும் காலை நீட்டிக்கொண்டு போனோம்.

திரும்பியதும் ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்ணா, நம்மகூடப் போட்டி போடறவங்களுக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றீங்களே, அடுக்குமா?"

"கேட்டாங்களேம்மா."

"அவங்க ஜெயிச்சுட்டா?"

"தண்ணி குடிக்கறவனுக்கு யாரு ஜெயிச்சா என்னம்மா?"

அன்றிலிருந்து ஸ்டெல்லா அவரோடு பேசவில்லை. அவரோ தினமும் "சாப்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜூன் கடைசியில் காய்ச்சலென்று லீவு போட்டு ஊருக்குப் போனார். அடுத்த வாரம் இறந்துபோனார். இறுதிச் சடங்கன்று பந்தலூரில் நல்ல மழை. ஸ்டெல்லா கையிலிருந்த குடையை விரிக்காமலே கடைசிவரை நின்றாள்.

ஜூலையில் மரங்கள் விழுந்து, மின்சாரம் போவதும் வருவதுமாய் இருந்தது. ஃப்ரீசர் உருகி, உறைந்து, மறுபடி உருகியதில் எங்கள் கிருமிகள் அத்தனையும் செத்தன. எந்தத் தட்டில் வளர்த்துப் பார்த்தும் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. ஸ்டெல்லாதான் கோயமுத்தூர் அணிக்கு போன் செய்தாள். கிருமியை மட்டும் கேட்டாள். வேறெதையும் அவளால் சொல்ல முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமையே அவர்கள் அணியிலிருந்து ஒரு பெண் குழாயோடு வந்து நின்றாள்.

"அண்ணன் இல்லீங்களா? அவரு கையிலயே குடுக்கோணும்னு வந்தேன்."

ஸ்டெல்லா கையை நீட்டினாள். "லீவுல ஊருக்குப் போயிருக்காருங்க."

"வந்தா சொல்லீருங்க, எங்க ஊர்ச் செம்புப் பட்டறைக் கழிவுத் தண்ணியும் நீலமாயிருச்சுன்னு."

"சொல்லீர்றேனுங்க."

நாள், கிழமை, விவரம் எதில் பிழை வந்தாலும் குறுக்கே விழுந்து திருத்துகிறவன் நான். அன்று திருத்தவில்லை. அவர் லீவிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.