எட்டுப் பல், ஒரு 'ம்'

வாஷ்பேசினின் துளையை இடது கையால் அடைத்துக்கொண்டு வலது கையால் பல்லைத் தேடிக்கொண்டிருந்தார் மைக் சார்.

ஷாம்பு பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்தபோது மூலையோடு பல்லும் வந்துவிட்டது. நல்லவேளை, அது சொந்தப் பல் இல்லை. மேல்வரிசையின் எட்டு முன்பற்களையும் மருத்துவர் லேசாக இழைத்து அளவெடுத்து, பல்மேல் ஒட்ட நகத்தின் கனத்தில் பீங்கான் ஓடுகள் (வெனீர்) செய்ய லேபுக்கு அனுப்பியிருந்தார். அவை வரும்வரை பிளாஸ்டிக்கில் எட்டுத் தற்காலிகப் பல் ஒட்டியிருந்தார். "கடினமா எதையும் கடிக்காதீங்க, அதிகம் பேசாதீங்க" என்றும் சொல்லியிருந்தார். இந்த இரண்டில் முதலாவதைக் கடைப்பிடிப்பது என்று மைக் சார் அன்றே முடிவு செய்திருந்தார். இப்போது அதுவும் போயிற்று.

கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, உள்ள பேச்சுச் சத்தமே காணோம்? மயங்கி விழுந்துட்டீங்களா?"

குளிக்கும்போதும் பேசுகிறவர் அவர். கேட்க ஆள் வேண்டும் என்பதுகூட இல்லை. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் மைக். அது தெரிந்தபோது அவர் கோபப்படவில்லை. மைக்குக்கு அடுத்த படி மேடை அல்லவா?

மேடையும் வந்துகொண்டிருந்தது. அவர் வேலை பார்க்கும் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்துக்கு அடுத்த வாரம் சனிக்கிழமை வெள்ளிவிழா. வரவேற்புரை அவருடையது. முப்பத்திரண்டு பக்கம் எழுதிவிட்டார். முதல் வரிசையில் முதலாளி உட்காருவார், வீடியோ எடுப்பார்கள். பழுப்பேறிய பற்களோடு காலத்துக்கும் அந்த வீடியோவில் நிற்கக் கூடாது என்றுதான் இத்தனை பாடும்.

பல் கிடைத்தது. அலமாரியில் செருப்பு ஒட்டும் பசை இருந்தது. ஒரு சொட்டு போதும் என்று குழாயில் எழுதியிருந்தது. முக்கியமான காரியம் என்பதால் மைக் சார் இரண்டு சொட்டு வைத்தார்.

பல் ஒட்டியது, கொஞ்சம் சாய்வாக. கூடவே மேலுதடும் ஒட்டியது.

பல் மருத்துவர் முக்கால் மணிநேரம் போராடினார். உதடு விடுபட்டது. செருப்புப் பசையைச் சுரண்டியபோது பக்கத்துப் பற்கள் மூன்று கழன்றன. எல்லாவற்றையும் மறுபடி ஒட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"சார், இப்ப ரொம்ப லேசாத்தான் ஒட்டியிருக்கேன். ஒவ்வொரு வார்த்தையும் இதுக்கு ஒரு உதை மாதிரி. பீங்கான் பல்லு செவ்வாய்க்கிழமை வந்துடும். அதுவரைக்கும் குழைஞ்ச சாப்பாடு, சுத்த மௌனம். புரியுதா?"

"அப்போ..." என்று ஆரம்பித்தார் மைக் சார்.

"பாத்தீங்களா! ஒண்ணு ஆடுது."

ஐந்து நாள். மைக் சார் தன் போனை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். பேச முடியாதவனுக்குப் போன் எதற்கு?

அலுவலகத்தில்தான் சிக்கல். பாதிவழியில் நின்ற லிஃப்டுக்குள் இருப்பவர் மணியை அழுத்தினால் அழைப்பு அவர் மேஜைக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களுக்குப் பேச்சுக்கொடுத்துத் தைரியம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தார். எழுந்து போக முடியாதவர்களிடம் பேசுகிற வாய்ப்பு உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? லிஃப்டின் வரலாறு, தன் முழங்கால் வலி, அந்தந்த வாரத்து அரசியல் எல்லாம் சொல்வார். ஒருமுறை கதவு திறந்ததும் உள்ளே இருந்தவர் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு அழுதார். இருட்டில் பயந்திருப்பார், பாவம் என்று மைக் சார் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடித்தது.

"ஹலோ! யாராவது இருக்கீங்களா?"

"ம்."

"லிஃப்ட் நின்னுபோச்சுங்க. நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல. நான் ஒரு கணக்கு டீச்சர்."

"ம்."

"எனக்குப் பயமா இருக்கு."

"ம்ம்."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மைக் சாருக்கு நாக்கு துடித்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. பல்லை நினைத்து அடக்கிக்கொண்டார்.

"சின்ன வயசுல என்னையும் எங்க அக்காவையும் ஒரு அறையில வச்சுப் பூட்டிட்டாங்க. அப்ப அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அந்த அக்காவோட நான் பேசிப் பதினொரு வருஷமாச்சு."

"ம்."

மெக்கானிக் வர நாற்பது நிமிடமாயிற்று. அதற்குள் கணக்கு டீச்சர் அழுது, சிரித்து, அக்காவுக்கு இன்றே போன் செய்வது என்று முடிவும் எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் ஒரு கடிதத்தோடு மேஜைக்கே வந்தார்.

"உங்களைப் பத்தி இதுவரைக்கும் நூத்திப்பதினாலு கடிதம் வந்திருக்கு சார். பாராட்டு இது ஒண்ணுதான். 'என் வாழ்க்கையில் இவ்வளவு அருமையாகப் பேசியவரைச் சந்தித்ததில்லை'ன்னு எழுதியிருக்காங்க. அப்படி என்ன சார் பேசினீங்க?"

மைக் சார் அவசரமாக ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, "எனக்குப் பல்லில்" என்று எழுத ஆரம்பித்தார்.

மேனேஜர் பேனாவை மெல்ல வாங்கி மூடி வைத்தார். "எழுதாதீங்க சார், கை வலிக்கும். இப்படியே இருங்க. ரொம்ப நல்லா இருக்கு."

அன்று மதியம் ஸ்டோர் கீப்பர் வந்து மாமியாரைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டுப் போனார். சாயங்காலம் மேனேஜரே கதவைச் சாத்திக்கொண்டு, தனக்கு லிஃப்டில் ஏறப் பயம், இருபது வருடமாகப் படியில்தான் வருவதாகச் சொன்னார். எல்லோரும் பேசி முடித்ததும் "உங்க வார்த்தைக்கு நன்றி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மைக் சாருக்கு எரிச்சலாக இருந்தது. அவர் வாழ்நாளில் சொன்ன ஆயிரம் நல்ல விஷயங்களுக்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

வீட்டில் நிலைமை வேறு. முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது அந்த மேஜையில் கரண்டிச் சத்தம் கேட்டது. இருவருமே அதை இதற்கு முன் கேட்டதில்லை. மனைவி இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் மசித்த உருளைக்கிழங்கை நாக்கால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஹால் சுவருக்கு அடிச்சிருக்கற பச்சை எனக்குப் பிடிக்கவே இல்லை" என்றாள்.

"ம்?"

"அடிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. சொல்ல இடைவெளி கிடைக்கல."

மறுநாள், கல்லூரியில் நீச்சலில் இரண்டு கோப்பை வாங்கியதைச் சொன்னாள். அவர் கண்ணை அகல விரித்தார்.

"கல்யாணம் நிச்சயமானதும் உங்ககிட்ட சொல்லத்தான் ஆரம்பிச்சேன். 'நான் காலேஜ்ல'ன்னேன். லிஃப்டை எத்தனை இரும்புக் கயிறு தூக்குதுன்னு நீங்க சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க. ஆறு."

ஆறுதான். சரியாக ஞாபகம் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்தது. மைக் சார் துள்ளி எழுந்து மனைவியின் முன்னால் போய் நின்றார்.

"ஆமாங்க, அவர் வீடுதான். அப்படியா? இல்லீங்க, சனிக்கிழமை அவருக்கு வெள்ளிவிழா... ஆமா. அப்ப, விழாவுக்கு அப்புறம்தான்? சரிங்க. நான் அவர்கிட்ட சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "லேப்ல லேட்டாம்ங்க. அடுத்த வாரம்தானாம்."

மைக் சார் சீட்டில் "நானே நேரில் போகிறேன்!!!" என்று மூன்று ஆச்சரியக்குறியோடு எழுதினார்.

"போய் என்ன பண்ணுவீங்க? சண்டை போடவும் வாயைத் திறக்கணுமே. மிச்சமும் விழுந்துடும்."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் முப்பத்திரண்டு பக்கம் சும்மா விடுமா? நாடக ஒப்பனைப் பொருள் விற்கும் கடையில், பல்லின் மேலேயே மாட்டிக்கொள்ளும் பல் வரிசை கிடைத்தது. 'எல்லா வாய்க்கும் பொருந்தும்' என்று பெட்டியில் போட்டிருந்தது. வியாழக்கிழமை மாலை கண்ணாடி முன் நின்று மாட்டினார். எல்லா வாய்க்கும் என்று அவர்கள் சொன்னதில் குதிரையும் அடக்கம் போலிருந்தது.

கழற்றப் பார்த்தார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வந்தது. அதோடு சேர்ந்து மருத்துவர் ஒட்டிய தற்காலிகப் பற்களில் ஐந்து வந்தன.

பொறுக்கி எடுத்து ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டார். இழைத்த பற்களில் காற்றுப் பட்டாலே உச்சந்தலைவரை கூசியது. மறுபடி மருத்துவர் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. "இந்தக் கோலத்துல போனா வெளுத்து வாங்கிடுவாரு, ஒரேயடியா அடுத்த வாரம் போயிக்கலாம்" என்றாள் மனைவி.

சனிக்கிழமை முப்பத்திரண்டு பக்கத்தையும் மேனேஜர் கையில் கொடுத்தார். பெற்ற பிள்ளையை விடுதியில் விடுவது போலிருந்தது. மேனேஜர் மேடையேறி முதல் பக்கத்தின் முதல் வரியைப் படித்தார்: "அனைவருக்கும் வணக்கம்." பிறகு கட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தார்: "அனைவருக்கும் நன்றி." அப்புறம், "நடுவுல இருக்கறதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான்" என்று கட்டை மூடினார்.

கைதட்டல், உரையைவிட நீளமாக இருந்தது.

முதலாளி நெகிழ்ந்துபோனார். "இவ்வளவும் எழுதிக் குடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாம கீழ உட்கார்ந்திருக்காரே! இந்த அடக்கம் யாருக்கு வரும்?" என்று மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். ஏசி நேராக முகத்தில் அடித்தது. மைக் சார் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் அழுகிறார் என்று அரங்கமே எழுந்து நின்றது. வீடியோவில் அது மிக நன்றாக வந்திருக்கிறது. பல் மட்டும் எங்கும் தெரியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அவர் பால்கனியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பையன் வேலைக்குன்னு வெளியூர் போனான் பாருங்க, அன்னிக்கு அவன் தட்டைக் கழுவாம மூணு நாள் அப்படியே வச்சிருந்தேன்" என்றாள்.

மைக் சாருக்கு உடனே ஒரு பதில் வந்தது. தட்டை அப்படிப் போட்டால் கிருமி வரும் என்பது பற்றியது. உதடு வரை வந்த பதில், பல் இல்லாததால் திரும்பிப் போயிற்று. போனது சும்மா இருக்கவில்லை. உள்ளே எங்கோ உட்கார்ந்து அவள் சொன்னதை இன்னொரு தரம் கேட்டது. இரண்டாம் தரம் கேட்டபோது அந்த வாக்கியம் வேறு மாதிரி இருந்தது.

"ம்" என்றார். அதுவரை சொன்னதிலேயே நீளமான 'ம்' அதுதான்.

திங்கட்கிழமை மறுபடி போன் வந்தது. சிக்னல் சரியில்லை என்று மனைவி பால்கனிக்குப் போய்ப் பேசினாள். வந்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு வாரமாம்ங்க."

எனக்காக இவள் எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று அவருக்குப் பரிதாபமாக இருந்தது. அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அவள் பேசினாள். அவர் கேட்டார். புதன்கிழமை வாக்கில், அவள் சாப்பாட்டு மேஜைக்கு வர ஐந்து நிமிடம் தாமதமானபோது, தான் காத்திருப்பதைத் தானே கண்டுபிடித்துத் திடுக்கிட்டார்.

ஒருவழியாக அடுத்த செவ்வாய்க்கிழமை பீங்கான் பற்கள் ஏறின. மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்த மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இத்தனை நாள் இப்படியேவா இருந்தீங்க? அதிசயமான ஆளு சார் நீங்க! சரி, இனிமே மெத்துன்னு இருக்கற பிரஷ். நகம் கடிக்கிறது, பாக்கெட் கிழிக்கிறது எதுவும் கூடாது. தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்கன்னா சொல்லுங்க, ஒரு உறை செஞ்சு தர்றேன்."

"பேசலாமா?"

"தாராளமா."

கண்ணாடியில் எட்டும் முத்து மாதிரி மின்னின. மைக் சார் நேராக வரவேற்பு மேஜைக்குப் போனார். அங்கிருந்த பெண் நிமிர்ந்து சிரித்தாள். மூன்று வாரத்து அணை உடைந்தது.

"ஏம்மா, ஒரு லேப்னா பொறுப்பு வேண்டாமா? செவ்வாய்க்கிழமைன்னு சொன்னா செவ்வாய்க்கிழமை வர வேண்டாமா? என் வெள்ளிவிழா போச்சு. இருபத்திரண்டு வருஷக் கனவு! எங்க கம்பெனியில இப்படி லேட் பண்ணினா என்ன ஆகும் தெரியுமா? லிஃப்ட்ல ஒரு ஆளு தொங்கிட்டு இருப்பான்! ஒரு லிஃப்டை எத்தனை இரும்புக் கயிறு தூக்குதுன்னு உனக்குத் தெரியுமா? ஆறு..."

காத்திருந்த நோயாளிகளில் ஒருவர் எழுந்து வெளியே போனார். வரவேற்பாளர் பொறுமையாகக் கேட்டாள். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"லேப்ல லேட்டே இல்ல சார், உங்க பல்லு சொன்ன செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு, முதல் தடவை கூப்பிட்டப்ப உங்க வீட்டம்மா 'விழா முடியட்டும்'னாங்க, ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப, 'அவர்கிட்ட சொல்ல வேண்டியதுல பாதிதான்மா சொல்லியிருக்கேன், இன்னும் ஒரே ஒரு வாரம் குடேன்'ன்னாங்க."