ஷென்சென்காரருக்கு நான் எழுப்பிக் காட்டியது

பலெர்மோ, இத்தாலி,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள கனகேஸ்வரி அக்காவுக்கு,

தம்பி ஜெயரட்ணம் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகவே சுகம். உங்கள் முழங்காலும் அத்தானின் பிரஷரும் அடங்கி நடக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்கட்டும். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நீங்கள் அழத் தொடங்கிவிடுவீர்கள், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உங்களைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அதனால்தான் கடிதம். விசயம் இதுதான்: சயந்தினி சீனாவுக்கு வேலைக்குப் போக நிற்கிறாள். நீங்கள் அவளை மறிக்க வேண்டும். என் மனைவி பிரசாந்தினி மகளின் கட்சி. எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

அவள் இங்கே கம்ப்யூட்டர் இஞ்சினியரிங் படித்து, ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு வருடம் வேலையும் செய்தவள். அந்த அனுபவம் இருந்தால்தான் சீனாவில் வெளிநாட்டவருக்கு அனுமதி சுலபமாம். பிறகு பட்டத்துக்கு ஒரு முத்திரை, குற்றம் ஒன்றும் செய்யாதவள் என்பதற்கு ஒரு பத்திரம். அந்தப் பத்திரம் எடுக்க அவளுக்குத் துணையாக நீதிமன்றத்துக்குப் போனால், வாசலில் நின்றது வியா மக்வேதா வீதியில் கடை வைத்திருக்கும் றோசமலர். "அண்ணை, என்ன வழக்கு?" என்றார். "வழக்கொண்டும் இல்லை. வழக்கு இல்லையெண்டு எழுதி வாங்க வந்தனாங்கள்" என்றேன். நான் சொன்னது எனக்கே களவு செய்தவன் பேச்சுப் போலத்தான் கேட்டது. அடுத்த நாளுக்குள் மூன்று பேர் எனக்கு நல்ல வக்கீலின் நம்பர் தந்துவிட்டார்கள், நாலாவது ஆள் என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷென்சென் நகரக் கம்பெனியோடு வீடியோவில் நேர்முகம். எங்கள் வீட்டு இன்டர்நெட் விட்டு விட்டு வரும் என்பதால், லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் சிஞ்ஞோரா கொன்செத்தாவின் வீட்டில் இருந்து கதைக்கச் சிஞ்ஞோராவிடம் அனுமதி கேட்டேன். எண்பத்தெட்டு வயது மனுசி, சந்தோசமாகத் தலைவாரி உதட்டுச் சாயமும் பூசிக்கொண்டு கட்டிலில் தயாராகிவிட்டார். "அப்பா, நீங்கள் வாயே திறக்கப்படாது" என்று மகள் சொல்லியிருந்தாள். நானும் கதவோரம் நின்றேன். திரையில் லியூ என்ற அம்மாவும் ஒரு இளைஞனும். எனக்குப் பாதி ஆங்கிலம்தான் விளங்கும், ஆனால் விளங்கிய பாதியே போதுமாக இருந்தது. அந்தக் கம்பெனி செய்வது வயதானவர்களைக் கட்டிலில் இருந்து எழுப்பும் ரோபோ! அதாவது நான். பதினெட்டு வருடமாக நான் செய்யும் வேலையைச் செய்ய ஒரு மெசின், அதற்கு மூளை எழுத என் மகள். இதை அவள் என்னிடம் சொல்லவேயில்லை. அதற்குள் அவர்கள் ஒரு வீடியோ போட்டார்கள். ரோபோ ஒரு பொம்மையைக் கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்குகிறது. என்னால் முடியவில்லை, அக்கா. "ஐயோ, அப்பிடித் தூக்கினால் தோள்மூட்டு கழண்டுபோம்!" என்று கத்திவிட்டேன்.

சயந்தினி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். ஆனால் அந்த லியூ அம்மா, யார் அது, என்ன சொன்னார் என்று கேட்டார். பிறகென்ன, கம்ப்யூட்டரைத் திருப்பிவைத்துச் சிஞ்ஞோராவை எழுப்பிக் காட்டினேன். "நான் முதலில் தூக்குறதில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடுவன். அவ என்ர கையைப் பிடிக்கும் வரைக்கும் பொறுத்து நிப்பன். எழும்புறது அவதான், நான் கூடப் போறன், அவ்வளவுதான்" என்றேன். மகள் மொழிபெயர்க்க, அந்த இளைஞன் எழுதிக்கொண்டான். சிஞ்ஞோரா தன் பங்குக்கு, அந்த மெசினுக்குக் காப்பி போடத் தெரியுமா என்று கேட்டார். நேர்முகம் முடிந்த பிறகுதான் யோசித்தேன், அவளுடைய நேரத்தில் பாதியை நான் தின்றுவிட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது பொறுக்காமல் கேட்டேன், "என்ர வேலையைப் பறிக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்?"

"உங்கட நாரி நோவைப் பாத்துத்தான் அப்பா இந்த வேலைக்கு எழுதினனான். இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு படியேறுறீங்கள், நான் காணேல்லை எண்டு நினைக்கிறீங்கள்."

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்கு மட்டும். இந்த ஊரில் என்னிடம் பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், இருக்கிறதா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த வேலையை நீ எப்படிச் செய்கிறாய் என்று அந்தச் சீன மனுசிதான் முதன்முதலில் கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்தது கோபமா பெருமையா என்று இன்னும் தெரியவில்லை.

ஆனாலும் அக்கா, அவ்வளவு தூரம், தெரியாத பாஷை, ஒற்றைப் பிள்ளை. கடிதம் கண்டவுடன் அவளுக்குப் போன் எடுத்து, வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் நோயின்றி, என்னைப் போல் குழம்பாமல், நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
ஜெயரட்ணம்

பி.கு.: இன்று திங்கள். தபாலில் போட முன்னர் ஷென்சென்னில் இருந்து பதில் வந்துவிட்டது. வேறு ஒருவரை எடுத்துவிட்டார்களாம். சயந்தினி போனைக் காட்டி, "இப்ப உங்களுக்குச் சந்தோசம்தானே?" என்றாள். சந்தோசப்பட முயன்று பார்த்தேன், அக்கா, வரவில்லை. என் பிள்ளையை விட எந்தக் கொம்பன் அங்கே கிடைத்தான்? அவள் முகம் கழுவப் போன நேரத்தில், அவளுடைய கம்ப்யூட்டரில் திறந்து கிடந்த வேலைப் பட்டியலைப் பார்த்தேன். ஹாங்சோ என்று ஒரு ஊர், அங்கேயும் ஆள் எடுக்கிறார்கள், வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அவள் வெளியே வந்ததும், "இதுக்கு எழுது, முத்திரை குத்துற அலைச்சலெல்லாம் நான் பாக்கிறன்" என்றேன். கதிரையை இழுத்துப்போட்டு எழுத உட்கார்ந்தாள். ஆகவே மேலே உள்ளதை விட்டுவிடுங்கள். போன் எடுக்க வேண்டாம். கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை அவள் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யுங்கள். எந்த ஊர் என்று ஐயர் கேட்டால், ஹாங்சோ என்று துண்டில் எழுதிக் கொடுங்கள், பிழையாகச் சொல்லிப்போடுவார்.