மருதோன்றி என்று சொல்லிவிட்டேன்

அன்புத் தம்பி றஸாக் அறிய,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்துக்குத் துஆக் கேட்டபடி, இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுகிறேன். ஒருத்தியைத் தவிர என்பது உனக்குத் தெரியும். அந்த ஒருத்தியும் மோசமில்லை. போனில் கதைத்தால் வீடு முழுக்கக் காது கொடுக்கிறது. அதனால்தான் நாளை உன்னிடம் கட்டாருக்குத் திரும்பும் நளீரின் பையில் இதை வைக்கிறேன்.

என் மார்பில் திரும்பி வந்த கட்டிக்குப் புது மருந்து ஏற்றுகிறார்கள் அல்லவா, முந்திய மருந்துகள் உடம்பெல்லாம் அலைந்து என் தலைமுடியோடு போய்விட்டன, இது அப்படியில்லை, கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் மருந்தை அடைத்து அனுப்புகிறார்கள், கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுகுவதால் குமிழிகள் அங்கேதான் கசிந்து இறங்கும் என்று டொக்டர் சொன்னார். இறக்காமத்தில் வயல் செய்யும் என்னைக் கட்டிய உன் மச்சான் கலந்தருக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. நோய் விசாரிக்க வருகிறவர்களை உட்காரவைத்து, "நண்டு துளைச்ச வரம்பு இரிக்கிதானே, தண்ணி அதுக்குள்ளதானே போகும்? அதான் விசயம்" என்று வகுப்பெடுக்கிறார். அவருடைய அக்கா சுபைறா மதினிக்கு வேறு கவலை. "அது எந்த மிருகத்துட கொழுப்பு எண்டு கேட்டியா புள்ள?" கேட்டேன். சோயாவில் எடுத்தது என்றார் டொக்டர். மதினிக்கு நிம்மதி வந்தது, எனக்குப் போயிற்று. மருந்தைச் சுமக்கிற சோயா உடம்பில் குறையக் கூடாதென்று மூன்று வேளையும் சோயாமீட் ஆக்கித் தருகிறாள்.

இனித்தான் விசயம். ஹஜ் பெருநாளுக்கு முந்திய கிழமை என் உள்ளங்கைகள் சிவந்து எரியத் தொடங்கின. மருந்து வழி தவறி அங்கும் கசிந்திருக்கிறது. வரம்புக் கதையில் உன் மச்சான் இதைச் சொல்லவில்லை. மதினி என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஆ, நோயோட மருதோண்டி கேக்குதா? நல்லாத்தான் செவந்திரிக்கி!" என்றாள். ஓம் என்றுவிட்டேன். ஏனென்றால் கை கால் சிவந்தால் உடனே சொல்லும்படி டொக்டர் எச்சரித்திருந்தார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார். இதற்குப் பிறகு கொடுக்க அவரிடம் வேறொன்று இருப்பதாக அவர் முகத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆகவே கிளினிக் போகுமுன் உண்மையாகவே மருதோன்றி அரைத்து அப்பிக்கொண்டேன். டொக்டர் பார்த்து, "பெருநாளைக்கா? வடிவாயிருக்கு" என்று சிரித்தபடி ஊசியைக் குத்தினார். இப்போது பாதங்களும் சிவந்து தோல் உரிகிறது. அடுத்த முறைக்கும் இலை பறித்து வைத்திருக்கிறேன். ஒருவராவது உண்மையைத் தெரிந்திருக்க வேண்டும் என்று உனக்கு எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே. நான் பயப்படவில்லை.

உன் தொழிலிலும் உடம்பிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. மச்சானும் மதினியும் ஸலாம் சொன்னார்கள்.

உன் அக்கா, நீ கூப்பிடும் தாத்தா,
ஸுல்பிகா

பி.கு.: மேலே "யாரிடமும் சொல்லாதே" என்று எழுதியதை வெட்டிவிடு. கடிதத்தை மடித்துவிட்டு அஸர் தொழுகைக்கு வுழு எடுக்க, கை கால் கழுவப் போனேன். காலில் தண்ணீர் பட்டதும் கத்திவிட்டேன். மதினி குனிந்து பார்த்தாள். "மருதோண்டி தோலோட உரியுமா புள்ள? ஆருக்கிட்டக் கதை விடுறாய்?" உன் மச்சான் அந்த இடத்திலேயே டொக்டருக்குப் போன் எடுத்தார். டொக்டர் எனக்கு நன்றாக ஏசினார். மருந்தை நிறுத்தமாட்டாராம், புண் ஆறும்வரை தள்ளிப்போட்டு, பிறகு அளவைக் குறைத்து ஏற்றுவாராம். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். நான் பயந்துதான் போயிருந்தேன் தம்பி. மாலையில் வந்தவர்களிடமும் மதினி மருதோன்றி என்றுதான் சொன்னாள். அவர்கள் நம்ப வேண்டுமென்று, நான் பறித்து வைத்த இலையை அரைத்துத் தன் கைகளிலும் போட்டுக்கொண்டாள். என்னுடையது அளவுக்குச் சிவக்கவில்லை என்று அவளுக்குக் குறை.