பூப்பாத்திக்கு அடியில் ஒன்பது குட்டிகள்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, நரி இருந்தது, மான் இருந்தது, மயில் இருந்தது. இந்த நால்வரை வைத்தே மூவாயிரம் கதைகளைச் சொல்லி முடித்துவிட்டார்கள். சுண்டெலிக்குக்கூட அவ்வப்போது ஏதாவதொரு வேடம் கிடைத்துவிடுகிறது. அதே காட்டில் பெருச்சாளி ஒருத்தியும் இருந்தாள். அவளை எந்தக் கதையிலும் யாரும் சேர்ப்பதில்லை. உடம்பு பெரிது, நிறம் சேற்று நிறம், நாற்றமும் உண்டு. எந்தப் பெண்ணையும் புகழ்வதற்கு அவளை உவமையாக்க முடியாது. அவள் பெயர் அன்னக்காமு. இது அவளுடைய கதை.

அன்னக்காமுவின் வளை, சிங்கத்தின் குகைக்கு எதிரே இருந்த மேட்டில், ஒரு முழ ஆழத்தில் இருந்தது. ஐப்பசி முதல் வாரத்தில் அங்கே அவள் ஒன்பது குட்டிகளை ஈன்றாள். குட்டிகளுக்குக் கண் திறக்க இரண்டு வாரமாகும். தாமே இரை தேடக் கிளம்ப இரண்டு மாதமாகும். தாழ்வான இடங்களில் எல்லாம் மழைநீர் தேங்கிக் கிடந்ததால், அவற்றைக் கவ்விக்கொண்டு போவதற்கு வேறு இடமும் இல்லை.

அந்த வாரத்தில்தான் சிங்கத்துக்குப் பூத்தோட்ட ஆசை வந்தது. அடுத்த காட்டுச் சிறுத்தை, தை மாதத்தில் காடுகளைப் பார்வையிட்டுச் சிறந்த காட்டுக்குச் சான்றிதழ் வழங்கப்போவதாக அறிவித்திருந்தது.

"என் வாசல் பூத்துக் குலுங்க வேண்டும்," என்றது சிங்கம். "விதை போட்டு வளர்த்த பூவாக இருக்க வேண்டும். எங்கிருந்தோ பிடுங்கி வந்து நட்டால் சிறுத்தை மோப்பம் பிடித்துவிடும்."

உடனே பூச்செடித் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. மயில் தலைவர், நரி செயலாளர், புள்ளிமான் உறுப்பினர். அந்தக் காட்டில் மண்ணுக்குள் வாழ்வோர் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் குழுவில் இல்லை. மண்ணைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதற்கு மேலே நடப்பவர்களைத்தான் கேட்க வேண்டும் என்பது அங்கே நிலவிய நம்பிக்கை.

தூக்கணாங்குருவி ஊர்க் கடைவீதிக்கு முப்பது நடை பறந்து, முப்பது விதைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து ஆலமரத்தடியில் பரப்பியது. குழு, பொட்டலங்களின் மேலிருந்த படங்களைப் பார்த்துத் தேர்வைத் தொடங்கியது.

"இது வேண்டாம்," என்று மயில் சங்குப்பூவைக் காலால் தள்ளியது. "நீலம்."

"நீலமாக இருந்தால் என்ன?" என்றது நரி.

"ஒரு வாசலுக்கு ஒரு நீலம் போதும்," என்று மயில் தன் கழுத்தை மூன்று பக்கமும் திருப்பிக் காட்டியது.

மான் ஒவ்வொரு பொட்டலத்தையும் முன்னும் பின்னும் நக்கிப் பார்த்தது. ஜினியாவின் படத்திடம் வந்ததும் அதன் கண்கள் தாமே மூடிக்கொண்டன. "இதில் ஏதோ இருக்கிறது."

"பார்வைக்கா, வாய்க்கா?" என்றது நரி.

"நான் அப்படியெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை, ஐயா."

பூச்செடிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஓராண்டுச் செடி: முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை விட்டு, ஒரே பருவத்தில் செத்துப்போகும். மற்றொன்று பல்லாண்டுச் செடி: வேரைப் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் பூக்கும். எதை விதைப்பது என்ற கேள்வி எழுந்தபோது குழுவில் ஒரு நடுக்கம் பரவியது.

"ராஜா வாசலில் ஓராண்டில் சாகிற செடியா?" என்றது நரி. "அபசகுனம் என்று யாராவது சொல்லிவிட்டால் யார் தலை உருளும்?"

மூவரும் அவரவர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்பெரா, கல்வாழை, செவ்வந்தி ஆகிய பல்லாண்டுச் செடிகள் ஒருமனதாகத் தேர்வாயின. பொட்டலத்தின் பின்புறத்தில் இரண்டு குறிப்புகள் இருந்தன. "மண்ணை ஒன்றரை முழம் தோண்டிப் பதப்படுத்தவும்" என்பது ஒன்று. "விதைத்த முதல் ஆண்டில் பூவை எதிர்பார்க்க வேண்டாம்" என்பது மற்றொன்று. இரண்டாவது குறிப்பை மான் ஏற்கெனவே நக்கி அழித்துவிட்டிருந்தது.

தோண்டும் வேலை காட்டுப்பன்றி மேஸ்திரி கொம்பையாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கொம்பையா மேட்டுக்கு வந்து மூக்கால் அளந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்றது.

"அக்கா, உள்ள இருக்கீகளா?"

"இருக்கேன். யாரு?"

"கொம்பையா. வர்ற திங்கக்கெழமை இங்க ஒன்றர முழம் தோண்டணுமாம்."

"என் வீடு ஒரு முழத்துல இருக்கு, தம்பி. ஒம்பது பிள்ளைக. இன்னும் கண்ணு தெறக்கல."

"அப்ப ஒரு அர முழம் கீழ எறங்கிக்கிடுங்களேன்."

"கீழ பாறை."

கொம்பையாவுக்குக் குட்டிகள் மீது வெறுப்பு எதுவும் கிடையாது. அதன் வீட்டிலேயே பன்னிரண்டு. "மனு குடுத்துப் பாருங்கக்கா. எனக்குத் தோண்ட மட்டுந்தான் தெரியும். நிறுத்துறதுக்கெல்லாம் வேற ஆளு."

அன்னக்காமு மறுநாளே ஆலமரத்தடிக்குப் போய் வரிசையில் நின்றாள். அந்த வரிசை எப்போதும் முள்ளம்பன்றியோடு முடிந்துவிடும். அதன் முதுகுக்குப் பின்னால் நிற்க யாருக்கும் துணிவில்லை. அவள் நின்றாள். முன்னால் எவரோ தும்மியபோது முள்ளம்பன்றி திடுக்கிட்டது. அவள் மூக்கில் மூன்று முட்கள் ஏறின. முட்களோடேயே நரியின் முன் போய் நின்றாள்.

நரி கைபேசியை எடுத்தது. மனுக்கள் அனைத்தும் இப்போது செயலியில்தான்.

"இனம்?"

"பெருச்சாளி."

நரி பட்டியலை மேலும் கீழும் தள்ளியது. "அப்படி ஒன்று வரவில்லையே. எலி என்று போடவா?"

"எலி வேற, நான் வேற."

"அப்படியானால் 'பிற'." நரி தட்டியது. "இருப்பிடச் சான்று? வீட்டின் உட்புறப் படம் ஒன்று ஏற்ற வேண்டும்."

அன்னக்காமு கைபேசியை வாங்கிக்கொண்டு ஓடி, வளைக்குள் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நரி படத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தது.

"கறுப்பாக இருக்கிறது."

"வளைக்குள்ள இருட்டாத்தான் இருக்கும், ஐயா."

"இருட்டை வீடு என்று அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது, அம்மா."

அவள் வேறு வழியின்றி உண்மையைச் சொன்னாள். இது அவள் செய்த முதல் தவறு. தலைமுறை தலைமுறையாக விதைகளைச் சேர்த்துப் பதுக்கி வாழ்கிற குடும்பம் அவளுடையது. எந்த விதை எத்தனை நாளில் முளைக்கும், எத்தனை நாளில் பூக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"கல்வாழை வெதையோட ஓடு கல்லு மாதிரி இருக்கும். சுரண்டி ஊற வைக்காம மொளைக்காது. ஜெர்பெரா ஆறு மாசம் எடுக்கும். தையில உங்களுக்கு எலைதான் இருக்கும், பூ இருக்காது. செண்டுமல்லி, ஜினியா, காசித்தும்பை, கோழிக்கொண்டை போடுங்க. அறுபது எழுபது நாள்ல பூத்துரும். மண்ணை ரெண்டு விரக்கடை கிளறுனாப் போதும்."

"குழு பல்லாண்டுச் செடி என்று முடிவு செய்துவிட்டது," என்றது மயில்.

"செடி தையில பூக்காதே!"

"முடிவின் நகல் செடிக்கு அனுப்பப்படும்," என்றது நரி.

ஞாயிற்றுக்கிழமை சிங்கம் குழுவின் முடிவில் கையொப்பமிட வந்தது. அதற்குப் பிடரி நரைத்திருந்தது. கீழ்வரிசையில் இரண்டு பற்களே மிச்சம். காட்டில் அந்த நரையையும் பல்லையும் யாரும் பார்ப்பதில்லை. அன்னக்காமு ஆலமர வேர் ஒன்றின் பின்னால் நின்று இரண்டையும் பார்த்தாள். நாளைக் காலையில் கொம்பையாவின் ஆட்கள் வருவார்கள் என்பதும் அவள் நினைவில் இருந்தது.

"இந்தச் செடிகள் எத்தனை காலம் இருக்கும்?" என்றது சிங்கம்.

"பல்லாண்டு, மகராஜா!" என்று மயில் அகவியது. "பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள்!"

"மகராஜாவுக்கு அப்புறமும் பூத்துக்கிட்டே இருக்கும்," என்றாள் அன்னக்காமு.

நரி கைபேசிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது.

சிங்கம் மெதுவாகத் திரும்பியது. "எனக்கு அப்புறம் என்றால்?"

"மகராஜா இருக்கமாட்டீக. செடி இருக்கும். உங்க வாசல்ல, உங்க வெயில்ல, வேற யாரோட குகைக்கு முன்னாலயோ பூத்துக்கிட்டு நிக்கும்."

"இந்தக் கல்வாழையா?"

"அதுதான் எல்லாத்தையும் விட நாள் நிக்கும்."

சிங்கம் பொட்டலத்தில் இருந்த கல்வாழையின் படத்தை உற்றுப் பார்த்தது. அந்தச் சிவப்புப் பூ தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே அதற்குத் தோன்றியது. "துரோகி," என்றது அடித்தொண்டையில்.

"ஓராண்டுச் செடின்னா அப்படி இல்ல, மகராஜா," என்று அவள் தொடர்ந்தாள். "தையில பூக்கும், பங்குனியில கருகிரும். நீங்க அதோட சாவைப் பாப்பீக. அது உங்க சாவைப் பாக்காது."

"எல்லாம் செத்துவிடுமா?"

"எல்லாம்."

"எனக்கு முன்னால்?"

"ஒண்ணு விடாம."

"அடுத்த ஆண்டு?"

"மறுபடி வெதைப்போம். மறுபடி சாகும். நீங்க மறுபடி இருப்பீக."

சிங்கம் எழுந்து நின்றது. பிறகு, யாரும் நினைத்துப் பார்க்காத விதமாக, ஒரு குதி குதித்தது. "ஓராண்டு!" என்று முழங்கியது. "வாசல் முழுக்க ஓராண்டு! இன்னும் சீக்கிரம் சாகிற செடி இருந்தால் அதையும் போடுங்கள்!"

"குழுவும் தொடக்கத்திலிருந்தே இதைத்தான் வலியுறுத்தி வந்தது, மகராஜா," என்றது நரி.

திங்கட்கிழமை கொம்பையாவின் ஆட்கள் வந்து இரண்டு விரற்கடை மண்ணைக் கிளறிவிட்டு, வேலை இவ்வளவுதானா என்ற ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்கள். குருவிகள் விதைகளைத் தூவின. மேலே விதைகள் கண் திறந்த அதே வாரத்தில், கீழே ஒன்பது குட்டிகளும் கண் திறந்தன. மார்கழியில் ஒவ்வொரு குட்டியாக வளையை விட்டு வெளியேறியது. ஒன்பதாவது குட்டி போன அன்று செண்டுமல்லியின் முதல் பூ மலர்ந்தது. அன்னக்காமு அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து வாரத்துக்குப் பின் அன்றுதான் அவள் காலை நீட்டித் தூங்கினாள்.

தையில் வாசல் பற்றி எரிவதுபோல் பூத்தது. ஆரஞ்சுச் செண்டுமல்லி, இளஞ்சிவப்புக் காசித்தும்பை, இரத்தச் சிவப்பில் கோழிக்கொண்டை. ஜினியா மட்டும் ஆங்காங்கே சொட்டையாக இருந்தது. மான் ஒரு மாதமாக இரவுணவு எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் குழு கவனிக்கவில்லை. சிறுத்தை வந்தது, முகர்ந்தது, தும்மியது, சான்றிதழ் கொடுத்தது. சிங்கம் சான்றிதழைப் பார்க்கவே இல்லை. அது பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "எப்போது தொடங்கும்?" என்று நரியிடம் மூன்று முறை கேட்டது.

பங்குனியில் தொடங்கியது. முதல் கோழிக்கொண்டை கருகிச் சாய்ந்த அன்று சிங்கம் அரசு விடுமுறை அறிவித்தது.

"நேற்று இது என்னெதிரில் நிமிர்ந்து நின்றது," என்று தழுதழுத்த குரலில் இரங்கலுரை ஆற்றியது. "இன்று பாருங்கள்! நான் நிற்கிறேன்!" கரடிகள் பறை அடித்தன. மயில் ஆடியது. ஜினியாக்களின் முறை வந்தபோது மான் மட்டும் உண்மையாகவே அழுதது. நாளுக்கு நாற்பது சாவு. சிங்கத்துக்குப் பசி திரும்பியது, நடை திரும்பியது, பிடரிகூடச் சற்றுக் கறுத்துவிட்டதாக நரி குறிப்பெழுதியது.

இறந்த செடிகளுக்கு அரசு மரியாதையோடு அடக்கம் வேண்டும் என்று உத்தரவாயிற்று. குழி எத்தனை ஆழம் என்று கொம்பையா கேட்டது. நரி பழைய கோப்பைப் புரட்டியது. "ஒன்றரை முழத்துக்கு அனுமதி வாங்கி, தோண்டாமலே கிடக்கிறது. அதையே பயன்படுத்து."

கொம்பையா மேட்டுக்கு வந்து மூக்கைத் தரையில் வைத்தது. "அக்கா, இருக்கீகளா? மறுபடியும் ஒன்றர முழமாம். இந்தத் தடவ கருமாதிக்கு."

"தோண்டு, தம்பி," என்றாள் அன்னக்காமு, பின்னாலிருந்த புதரின் அடியில் நின்றபடி. "வீடு காலி."

அந்த ஆண்டின் வெற்றி அறிக்கையில் மயிலின் பெயர் பதினொரு முறையும், நரியின் பெயர் இருபது முறையும், மானின் பெயர் ஒரு முறையும் வந்தன. கடைசிப் பக்கத்தில், ஆலோசனை வழங்கியோர் என்ற தலைப்பின் கீழே, "பிற: ஒருவர்" என்று இருந்தது.

அன்னக்காமு ஆலமரத்தடிக்குக் குடிபெயர்ந்தாள். குழு உட்கார்ந்து கூட்டம் நடத்துகிற இடத்துக்கு நேர் கீழே, ஒரு முழ ஆழத்தில், மூன்று அறைகளோடு வளை தோண்டினாள். மழைநீர் அங்கே வருவதில்லை. பன்றிகளும் வருவதில்லை. அங்கே அவள் மேலும் நான்கு முறை குட்டி ஈன்று, அனைத்தையும் வளர்த்து அனுப்பிவிட்டு, ஒரு கூட்டத்தின்போது, நிகழ்ச்சி நிரலின் ஆறாம் பொருளுக்கும் ஏழாம் பொருளுக்கும் இடையில், தூக்கத்திலேயே, முதுமையால் இறந்தாள். மேலே யாருக்கும் தெரியாது.

நீதி: நிம்மதியாகக் குடியிருக்க இடம் தேடுவோர், கூட்டம் நடக்கும் இடத்துக்கு அடியில் தேடுக. அங்கே உலகத்தையே புரட்டிப் போடுவதாகப் பேசுவார்கள். ஒரு பிடி மண்ணைக்கூடப் புரட்டமாட்டார்கள்.