வாபஸ் கடிதம்

"வாபஸ்னு எழுதவா, ரத்துன்னு எழுதவா?"

பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார் ஸரூக் நானா. பதுளைக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசையும் ஒரு குடையும் போட்டுக்கொண்டு, ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவர் அவர்.

எதிரே நின்ற முருகையா திருதிருவென்று விழித்தான். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஸ்டோரில் அவனுக்கு வேலை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். வீட்டில் பல்வலி என்று சொல்லியிருந்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க நானா?"

"நல்லாச் சொன்னீங்க! நீங்க குடுத்ததை நீங்களே திருப்பி எடுத்தா வாபஸ். அவங்க குடுத்ததை அவங்களே இல்லைன்னா ரத்து. நீங்க கேட்டதை அவங்க குடுக்காட்டி தள்ளுபடி. பேரை மட்டும் எடுத்தா நீக்கம். சொல்லு மாறினா காரியமே கெட்டுப் போயிடும் தம்பி. என்ன நடந்திச்சு, முதல்ல அதைச் சொல்லுங்க."

நடந்தது இதுதான். போன வருடம், அறுபத்தெட்டு ஆடித் திருவிழாவில், தோட்டத்துக் கோயிலில் முருகையாவின் தலையில் கட்ட வேண்டிய பரிவட்டத்தை அவன் மச்சான் தலையில் கட்டிவிட்டார்கள். மச்சான் என்றால் மனைவி கருப்பம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். முருகையாவுக்கு உச்சி குளிர வேண்டிய நாளில் உச்சி கொதித்தது. 'இந்த மண்ணிலேயே இருக்கமாட்டேன்' என்று சபதம் போட்டான். அந்தச் சமயத்தில் இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி தோட்டமெங்கும் இந்தியாவுக்குப் போவதற்கு மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவனும் யாருக்கும் தெரியாமல் ஒன்றை வாங்கி, குடும்பத்து நான்கு பேர் பெயரையும் எழுதி, உறையை ஒட்டி, தோட்டத்துத் தபால் பையைச் சுமப்பவரும் மேல் லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவருமான வீரய்யாவின் கையில் கொடுத்துவிட்டான்.

மூன்றாம் நாள் மச்சான் ஆட்டுத் தொடை ஒன்றோடு வந்தார். கோபம் குழம்போடு இறங்கிவிட்டது. கொடுத்த மனு கொடுத்ததுதான்.

இப்போது பக்கத்து லயத்தில் இரண்டு குடும்பங்களுக்குக் கடிதம் வந்து, சட்டி பானையை விற்றுவிட்டுத் தலைமன்னாருக்குக் கப்பலேறப் போய்விட்டார்கள். முருகையாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பிறந்தது இங்கே. இந்தியாவை அவன் பார்த்ததெல்லாம் கடைக் காலண்டரில்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தாய், அண்ணன், தங்கை எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்க, தன்னைக் கேட்காமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தான் என்று கருப்பம்மாவுக்குத் தெரிந்தால் கப்பலே தேவைப்படாது. ஒரே தள்ளில் அவளே அவனை ராமேஸ்வரத்தில் விட்டுவிடுவாள்.

"அப்ப வாபஸ்தான்," என்று தீர்ப்புச் சொல்லி, அழகான கையெழுத்தில் எழுதி, பதில் தன் விலாசத்துக்கே வரும்படி செய்து, தாமே தபாலில் சேர்த்தார் ஸரூக் நானா.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. முருகையா மறுபடி பல்வலியோடு பதுளைக்குப் போனான். பதிலில் ஒரே வரி: 'மனு இலக்கத்தைக் குறிப்பிடவும்.'

"இலக்கம் எதுவும் வரலையேங்க."

"இலக்கம் இல்லாட்டி தேடி எடுக்க ஏலாது. தோட்டக் கந்தோர்ல கேட்டுப் பாருங்க, குறிப்பு ஏதும் இருக்கும்."

முருகையா தோட்டத்து அலுவலகத்தில் பெரிய கிளாக்கரிடம் போய்த் தலையைச் சொறிந்தான். கிளாக்கர் கண்ணாடியை உயர்த்தினார்.

"நீ இந்தியாவுக்கு எழுதிக் குடுத்திருக்கியா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

இலக்கம் அங்கே இல்லை. அதுவரை இல்லாத ஒரு குறிப்பு, சிவப்பு மையில், இப்போது அங்கே ஏறிவிட்டது.

நான்காம் நாள், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி முருகையாவின் லயக் காம்பராவுக்கு வந்து, வாசலில் நின்று சுவரையும் கூரையையும் பார்த்தது.

"அக்கா, இந்த அடுப்புல புகை வருமா?" என்று புதுப்பெண் கேட்டாள்.

"அதை ஏன் புள்ள நீ கேக்குறே?"

"நீங்க போனதும் எங்களுக்குத்தானாம். கிளாக்கரையா சொன்னாங்க."

கருப்பம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"அந்த ஆளுக்குக் கண்ணாடி மாத்தணும். வேற முருகையாவா இருக்கும்," என்றான் அவன்.

அவள் சண்டை போடவில்லை. தேத்தண்ணீரை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். "மேல் லயம் வரைக்கும் போயிட்டு வாறேன்," என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நம்பிவிட்டாள் என்று முருகையா நிம்மதியாகத் தேத்தண்ணீரைக் குடித்தான்.

மறுநாள் கிளாக்கரிடம் ஓடினான்.

"ஐயா, அந்தக் குறிப்பை ரத்துப் பண்ணிடுங்க. நான் வாபஸ் வாங்கப் போறேன்."

"வாங்கு, வேணாங்கல. வாங்கினதுக்கு அரசாங்கக் கடுதாசி கொண்டு வா, நானும் ரத்துப் பண்றேன். இல்லாட்டி ரெண்டு மாசத்துல காம்பராவைக் காலி பண்ணு."

ஸரூக் நானா இந்தத் தடவை வெற்றிலையை முழுதாக மென்று துப்பும்வரை யோசித்தார்.

"ஒரே வழிதான் தம்பி. இன்னொரு மனு போடுவோம்."

"ஐயோ நானா! இருக்கிற ஒண்ணே கழுத்தைப் புடிக்குது!"

"கேளுங்க. புதுசைப் பார்த்ததும் பழசைத் தேடி எடுத்து, ரெண்டையும் சேர்த்துக் கட்டி ஒரு இலக்கம் போடுவாங்க. இலக்கம் வந்த அன்னைக்கே வாபஸ். ரெண்டும் ஒரே வெட்டுல போயிடும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. புது மனுவை ஸரூக் நானாவே பதுளைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலாக அனுப்பினார். வாபஸ் கடிதத்தையும் அப்போதே எழுதி, இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டு, விலாசமும் முத்திரையும் போட்ட உறையோடு முருகையாவின் கையில் கொடுத்தார்.

"இனிப் பதில் உங்க விலாசத்துக்குத்தான் வரும். இலக்கத்தை எழுதித் தபால்ல போடுங்க. இங்க ஓடி வரத் தேவையில்ல. எத்தனை பல்லுத்தான் வலிக்கும்?"

ஒரு மாதத்தில் அட்டை வந்தது. ஆறு எண் கொண்ட இலக்கம். அதன் கீழே: 'மனுவை வாபஸ் பெற விரும்புவோர் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்கவும். அதன் பின்னர் எக்காரணம் கொண்டும் ரத்துச் செய்யப்பட மாட்டாது.'

முருகையா ஸ்டோருக்குப் பின்னால் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக எழுதினான். உறையை ஒட்டினான். மலை இறங்கிக்கொண்டிருந்த வீரய்யாவை மூச்சிரைக்க ஓடிப் பிடித்தான்.

"அண்ணே, இது ரொம்ப முக்கியமுங்க. உசிர் மாதிரி."

வீரய்யா உறையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தார்.

"தெரியும் தம்பி, தெரியும்," என்று சொல்லி, அதைப் பையில் போடாமல் சட்டைக்குள்ளே செருகிக்கொண்டார். அந்த அக்கறை முருகையாவுக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு பல் வலிக்கவில்லை. சோறு இறங்கியது. கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டைக்குத் தார் பூசினான். அடுப்பைப் பார்க்க மறுபடி வந்த புதுப்பெண்ணிடம், "வேற காம்பரா பாரும்மா, இது எங்க காலம் வரைக்கும் எங்களுக்குத்தான்," என்று சிரித்தான். கருப்பம்மாவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

பதினைந்தாம் நாள் மாலை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீரய்யா ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தார். முருகையா ஒரு கட்டுப் பீடியை அவர் கையில் திணித்தான்.

"எதுக்குத் தம்பி இது?"

"அன்னைக்குக் குடுத்த கடுதாசிக்குத்தான் அண்ணே. கெடு நேத்தோட முடிஞ்சிச்சு. நல்லபடியாப் போய்ச் சேர்ந்திருக்கும்ல?"

வீரய்யா முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு பீடிக் கட்டை அவன் கையிலேயே திருப்பி வைத்து, அவன் தோளைத் தட்டினார்.

"கோவிச்சுக்காதே தம்பி. போன வருசம் நீ கோவத்துல குடுத்ததைக் கருப்பம்மாகிட்டக் காட்டிட்டு அன்னைக்கே அடுப்புல போட்டேன். இந்தத் தடவையும் கருப்பம்மா மேல் லயத்துக்கு வந்து அழுதுச்சு, விலாசமும் அதே விலாசம், இதையும் அடுப்புல போட்டுட்டேன். நீ எந்தக் கப்பலும் ஏறமாட்டே, பயப்படாமப் போய் சாப்பிடு!"