தமிழறியாமைச் சான்றிதழ்

வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் சென்னையில் மொழி தெரியாமல் அவதிப்படக் கூடாது என்று அரசு முடிவு செய்தது. தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு திறந்தார்கள். தமிழ் இலவசம். பிஸ்கட்டும் இலவசம்.

பனகல் பூங்கா அருகே ஒரு சேலைக் கடையின் கிடங்கில் சேலை மடித்துக்கொண்டிருந்த கலீமுல்லாவுக்கு இந்தச் செய்தி இனித்தது. பீகாரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகிறது. கிடங்கில் சம்பளம் மட்டும்தான். மேலே விற்பனைப் பிரிவுக்குப் போனால் கமிஷன் உண்டு. கமிஷன் வந்தால் ஒரு அறை எடுத்து ஊரிலிருந்து மனைவியை அழைத்து வரலாம்.

"தமிழ் சம்பந்தமா அரசாங்க சர்ட்டிபிகேட் ஒண்ணு கொண்டா, மேல அனுப்புதேன்" என்று சொல்லியிருந்தார் முதலாளி சண்முகவேல்.

வகுப்பில் சேரத் தமிழறியாமைச் சான்றிதழ் வேண்டும். தமிழ் தெரிந்தவர்கள் பிஸ்கட்டுக்காக வந்துவிடக் கூடாதல்லவா! அதை வழங்கும் எழுத்தர் குருபிரசாத் முன் கலீமுல்லா போய் நின்றான்.

"சார், எனக்கு தமிழ் தெரியாது. சர்ட்டிபிகேட் வேணும் சார்."

"இப்ப நீ இன்னா பாஷைல கேட்ட?"

"தமிழ் சார்."

"அப்பால எப்டி நைனா குடுக்கறது?"

"கொஞ்சம்தான் சார் தெரியும்."

"அதையும் தமிழ்லதான சொல்ற?"

கலீமுல்லா இந்தியில் கேட்டுப் பார்த்தான். மனு புரியவில்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. மறுநாள் வந்து பேசாமல் நின்றான். உடனே விசாரணை தொடங்கியது.

"உன் பேர் இன்னா?"

மௌனம்.

"டீ சாப்புட்றியா?"

அரசு அலுவலகத்தில் மனுதாரருக்கு டீ தருவார்கள் என்பதை எந்த மொழியிலும் நம்ப முடியாததால், அவன் அசையவில்லை. 'அன்னாருக்குத் தமிழ் தெரியாது என விசாரணையில் ஐயமற அறியப்படுகிறது' என்று முத்திரை விழுந்தது.

வகுப்பில் ஆசிரியை மதுமதி நன்றாகவே கற்றுக் கொடுத்தார். மூன்றாம் வாரம் கலீமுல்லா ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தான். மதுமதி பதறிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பி, மெதுவா! தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இங்க இடமில்ல. உன் பேரை அடிச்சிடுவாங்க."

"அப்போ பாஸ் சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா டீச்சர்?"

"வகுப்பை முடிக்காதவங்களுக்கு எப்படிக் குடுப்பாங்க? ஆள் குறைஞ்சா என் வேலையும் போயிடும். கொஞ்சம் மறந்துடுப்பா."

ஆகவே எல்லோரும் ஒற்றுமையாக மறந்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டார். ஒருவருக்கும் ஒரு சொல்லும் வரவில்லை. 'திட்டத்தின் தேவை முழுமையாக நிரூபணமாகிறது. மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம்' என்று மகிழ்ச்சியோடு எழுதிவிட்டுப் போனார்.

கலீமுல்லாவிடம் மிஞ்சியது தமிழறியாமைச் சான்றிதழ் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அதையே முதலாளியிடம் நீட்டினான். சண்முகவேல் இரண்டு தரம் படித்தார்.

"ஏலே, இதை ஏன் முன்னாடியே காட்டல? பட்டுப் பிரிவுக்குப் போ."

"அண்ணாச்சி, எனக்கு தமிழ்..."

"வாயை மூடுலே! தமிழ்ல விலை சொன்னா 'குறை'ங்காங்க. இந்தில சொன்னா 'அச்சா'ங்காங்க, கார்டை நீட்டுதாங்க. அங்க ஒரு வார்த்தை தமிழ் பேசுன, திரும்பக் கிடங்குதான்."

முதல் நாளே மயிலாப்பூரிலிருந்து நீரஜா என்ற அம்மாள் மகள் அனன்யாவோடு வந்தார். கலீமுல்லா இந்தியில் வரவேற்றான்.

"பையா, அச்சா சாடி திகாவோ" என்று நல்ல சேலை காட்டச் சொன்னார் நீரஜா, இந்தியில் மிகவும் சிரமப்பட்டு.

கலீமுல்லா ஒரு பட்டுச் சேலையை விரித்தான்.

"அம்மா, அப்பா குடுத்த பணத்துக்கு மேல போயிடப் போறது" என்றாள் அனன்யா மெல்ல.

"இவனுக்குத் தமிழ் தெரியாதுடி, சத்தமாவே பேசு. இன்னும் பத்தாயிரம் என் கைப்பைல தனியா வச்சுண்டிருக்கேன். அப்பாட்ட மூச்சு விடாதே."

கலீமுல்லா விரித்ததை மடித்து வைத்துவிட்டு, சரியாகப் பத்தாயிரம் கூடுதலான சேலையை எடுத்துப் போட்டான்.

"பாத்தியா, பாஷை தெரியலேன்னாலும் நம்ம மனசு தெரியறது இவனுக்கு! தமிழ் தெரிஞ்ச நம்ம ஆட்களும் இருக்காளே" என்று உருகினார் நீரஜா.

அந்த மாதக் கமிஷனைக் கடையே பார்த்தது. மனைவியை அழைத்து வர கலீமுல்லா ஊருக்கு ரயில் டிக்கெட் போட்டான். அடுத்த திங்கட்கிழமை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பல வருஷமாக அதே கடையில் சேலை விற்கிற அத்தனை பேரும் எழுத்தர் குருபிரசாத்தின் மேசை முன் வரிசையாக நின்றார்கள். அவர் ஆளுக்கொரு கேள்வி கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.